நாலு பேருக்குக் கேட்கக்கூடாத கூட்டம்

மைக் செட் வாடகைக்கு விடுகிறவர்கள் ஊரில் பல பேர் இருக்கலாம். குழாய்க்காரர் என்று பட்டப்பெயர் வாங்கியவர் ஒருவர்தான். கூம்பு மாதிரி வாயை விரித்துக்கொண்டு கம்பத்தில் தொங்குமே ஒலிபெருக்கி, அந்தக் குழாயால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது. அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் அவருடைய மைக் இல்லாமல் ஒரு ஆண்டு விழாகூட நடந்ததில்லை. சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் குழாயைக் கட்டி, பின்னால் பேட்டரியை வைத்து, ஒரு முதலாளிக்காக ஊர் ஊராக மிதித்த ஆள். வயரிங் வேலையை யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஷாக் அடித்து அடித்தே கற்றுக்கொண்டார். இன்றைக்கு வேன் இருக்கிறது, கடை இருக்கிறது, வீட்டுக்கு மாடி இருக்கிறது. எல்லாம் அவருடைய கையும் காதும் சம்பாதித்தது. படித்த என்ஜினியர்கள் மீட்டரை வைத்துக்கொண்டு தடவுகிற இடத்தில், இவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "இடது பக்க பாக்ஸ்ல நட்டு லூசு" என்பார். போய்ப் பார்த்தால் லூசாகத்தான் இருக்கும்.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. அரங்கத்துக்கு வந்தவன் எப்படியும் கேட்டுவிடுவான், அதற்குத்தானே வந்தான். வராதவன் காதில் விழ வைப்பதுதான் மைக் செட். அதனால் எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், தெருவைப் பார்த்து இரண்டு குழாய் கொசுறாகக் கட்டிவிடுவார். ஒரு பள்ளி விழாவில் பரிசு வாங்கிய பிள்ளையின் பெயரை, மீன் வாங்கப் போன அதன் பாட்டனார் சந்தையில் நின்று கேட்டிருக்கிறார். இந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்காதவர்கள் ஊருக்குப் புதிதாக வந்தவர்கள்.

மகன் வழிப் பேத்தி பதினொன்றாம் வகுப்பு. அவளுடைய பள்ளியும் வேறு மூன்று நாடுகளின் பள்ளிகளும் சேர்ந்து ஒரு மாணவர் குழு வைத்திருந்தார்கள். பிள்ளைகள் போதைப் பழக்கத்தில் விழாமல் தடுக்க, பிள்ளைகளே பிள்ளைகளிடம் பேசுவது. மாதம் ஒரு முறை திரையில் சந்திப்பார்கள். அதிகாரிகளின் சொற்பொழிவு கிடையாது, மண்டையோடு போட்ட படம் கிடையாது. முதல் போதை மாத்திரையை யார் கொடுத்தார்கள், என்ன சொல்லி நீட்டினார்கள், வேண்டாம் என்றவன் எப்படிச் சொல்லித் தப்பித்தான், இதுதான் பேச்சு. தப்பிக்க உதவிய பதில்களையெல்லாம் நாலு நாட்டிலும் சேர்த்து, கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பேத்தி வீட்டில் வந்து சொல்லும்போது குழாய்க்காரர் பாதியைக் காதில் வாங்குவார். வெளிநாட்டுக்காரப் பிள்ளைகள் பேத்தியோடு பேசுகிறார்கள் என்கிற பாதி.

அந்த மாதம் கூட்டத்தை நடத்தும் முறை இவர்கள் பள்ளிக்கு வந்தது. போன முறை கம்ப்யூட்டரின் சத்தம் அரங்கத்தில் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி இருந்ததாம். அதனால் பேத்தி தாத்தாவிடம் வந்தாள்.

"உள்ள மட்டும் கேட்டாப் போதும் தாத்தா. சின்ன பாக்ஸ் ரெண்டு, கையில பிடிக்கிற மைக் ரெண்டு. வெளிய ஒண்ணும் கட்டக்கூடாது."

"கூட்டம்னா நாலு பேருக்குக் கேக்கணும் கண்ணு."

"நாலு பேருக்குக் கேக்கக்கூடாதுன்னுதான் உங்களக் கூப்பிடுறோம். தலைமையாசிரியரே வரவேற்பு சொல்லிட்டு வெளிய போயிடுவாரு. அப்புறம் டீச்சருங்ககூட யாரும் இருக்க மாட்டாங்க. எங்க தாத்தா நம்ம ஆளு, தைரியமாப் பேசலாம்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

சரி என்று தலையை ஆட்டினார். ஆட்டிய தலை வேனில் ஏறியதும் வேறு மாதிரி யோசித்தது. போதைக்கு எதிராகப் பேசுகிறார்கள். நல்ல விஷயம். நல்ல விஷயத்தை எதற்குக் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும்? தவிர, நாலு நாடு சேர்ந்து நடத்துகிற கூட்டம் இவருடைய மைக்கில் நடக்கிறது. அதை எதிர்க் கடைக்காரனாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

பள்ளி வாசலில் இருந்த மரத்தில் இரண்டு குழாயை ஏற்றினார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது மச்சினன். மனைவியின் தம்பி, கூடவே தொழிலில் இருப்பவன், அக்காள் புருஷனைச் சீண்டுவதைத் தனித் தொழிலாக வைத்திருப்பவன்.

"பாப்பா வேண்டாம்னுச்சுன்னு நீங்கதான மாமா சொன்னீங்க?"

"வரவேற்பு மட்டும் ரோட்டுக்குப் போகட்டும் மாப்பிள. அது முடிஞ்சதும் நான் சுவிட்ச அணைச்சிடுவேன்."

"நீங்க மைக்க அணைச்சு நான் பார்த்ததே இல்லையே."

ஏணியை ஒழுங்காகப் பிடிக்கச் சொல்லி அதட்டினார்.

கூட்டம் ஆரம்பித்தது. அரங்கத்தில் மேல் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெரிய திரையில் மூன்று நாட்டுப் பிள்ளைகள். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் விளக்கு. மூலையில், மேசைக்குப் பின்னால் குழாய்க்காரர். தலைமையாசிரியர் வரவேற்றார், போனார், கதவைச் சாத்தினார்கள். குழாய்களுக்கென்று தனியாக வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சை நோக்கி அவருடைய கை போனது. அந்த நேரம் பார்த்துத் திரையிலிருந்து ஒரு பெண் பேச, பேச்சோடு சேர்ந்து ஒரு உறுமல் வந்தது. தன் பாக்ஸில் உறுமலா? அவரால் பொறுக்க முடியுமா? மேசைக்கு அடியில் தவழ்ந்து போய் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்துச் சரி பண்ணினார். தலையை வெளியே நீட்டியபோது, கடல் தாண்டி இருக்கிற அந்தப் பெண்ணின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டது. சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சுத்தம் வேறு ஒருவன் கையில் வராது. அவர் நாற்காலியில் சாய்ந்து ரசித்தார். சுவிட்சை மறந்தார்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் தாங்கள் சேர்த்த பதில்களைச் சொல்லச் சொல்ல, பேத்தி நம் மொழியில் சொன்னாள். எங்கள் அம்மா நர்ஸ், கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று சொல்லி ஒருவன் தப்பித்தானாம். எனக்கு அலர்ஜி, உடம்பெல்லாம் தடித்துவிடும் என்று புளுகினாளாம் ஒருத்தி. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குழாய்க்காரரும் சிரித்தார்.

பிறகு பேத்தி மைக்கை, நெட்டையன் என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு பையனிடம் கொடுத்தாள். பள்ளிக் கால்பந்து அணியில் கோல் காக்கிறவன். சிரிப்பு அடங்கியது. அவன் மைக்கை வாய்க்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பேசினான்.

"நான் போன வருஷம் பூரா மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப நிறுத்திட்டேன்."

அடுத்த வார்த்தைக்காக அவன் மூச்சு வாங்கிய இடைவெளியில், வேறு யாருக்கும் கேட்காத ஒன்று குழாய்க்காரருக்குக் கேட்டது. எங்கோ வெளியே, எதிர்க் கட்டடச் சுவரில் மோதி, அரை மூச்சு தாமதமாகத் திரும்பி வந்தது, "நிறுத்திட்டேன்."

அவர் மேசை மேல் பாய்ந்தார். சுவிட்சைத் தட்டினார்.

இனி ஒன்றும் வெளியே போகாது. பையன் பேச்சில் போனது இரண்டு வாக்கியம்தான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் இந்த அரங்கத்தில் ஒரு பிள்ளைக்கும் தெரியப் போவதில்லை. பையன் மறுபடியும் மைக்கைத் தூக்கினான். எங்க தாத்தா நம்ம ஆளு என்று பேத்தி சொன்ன அந்த நம்பிக்கையில்தான் அவன் வாயைத் திறக்கிறான். எத்தனையோ மேடையில் மந்திரி பேச்சு நீண்டபோதுகூட மைக்கை அணைக்காத மனுஷர், மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு எழுந்து வட்டத்துக்கு நடுவில் போய் நின்றார். மைக் இல்லாமல் ஒரு கூட்டத்தில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"தம்பி, கொஞ்சம் நிறுத்து. வெளிய ரெண்டு குழாய் கட்டியிருந்தேன். பாப்பா வேண்டாம்னு சொல்லியும் நான்தான் கட்டினேன். அணைக்க மறந்துட்டேன். நீ சொன்னது ரெண்டும் ரோட்டுக்குக் கேட்டுருச்சு."

பேத்தியின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. நெட்டையன் மெதுவாகக் கேட்டான், "ரோட்டுக்குன்னா, எதிர்ல இருக்கிற தையல் கடைக்குமா?"

"அதுக்குத்தான் நல்லாக் கேட்டிருக்கும்."

"அது எங்க அம்மா கடை."

திரையில் மூன்று நாட்டுப் பிள்ளைகளும் என்ன நடந்தது என்று புரியாமல் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பேத்திதான் கம்ப்யூட்டர் பக்கத்தில் போய் அவர்களுக்கு எடுத்துச் சொன்னாள், தாத்தா செய்த காரியத்தை ஒளிக்காமல். கூட்டத்தை முடித்துவிடலாமா என்று நெட்டையனிடமே கேட்டாள். அவன் விரல்களை நெட்டி முறித்தான். போனது போய்விட்டது, மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன், முதலில் குழாயை இறக்கச் சொல் என்றான்.

குழாய்க்காரர் வெளியே ஓடினார். மச்சினன் ஏற்கனவே ஏணியில் நின்றுகொண்டிருந்தான்; ஒரு குழாய் தரைக்கு வந்திருந்தது.

"தெருவே திரும்பிப் பார்த்துச்சு மாமா. நாடக ஒத்திகை, பையன் நடிக்கிறான்னு சொல்லி வெச்சிருக்கேன். பேக்கரிக்காரரு நம்பிட்டாரு. அந்தத் தையக்காரம்மா நம்பல."

இரண்டாவது குழாயையும் இறக்கிவிட்டு, உள்ளே போய் மெயினைப் போட்டு, ஒரே ஒரு மைக்கை வட்டத்தின் நடுவில் தரையில் வைத்தார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கேட்க அது போதும். மற்றவர்களுக்கு மைக்கே வேண்டியதில்லை, முட்டியோடு முட்டி இடிக்கத்தானே உட்கார்ந்திருக்கிறார்கள். அதைச் செய்துவிட்டு, யாரும் சொல்லாமலே வெளியே வந்து கதவைச் சாத்தினார். வேனில் கிடந்த பெரிய பாக்ஸ் ஒன்றைக் குறுக்கே போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

தையல்காரம்மா வந்தாள். கழுத்தில் அளவு டேப், கையில் கத்தரிக்கோல். வைத்துவிட்டு வரக்கூடத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"வழிய விடுங்க. உள்ள பேசினது என் பிள்ளை. அவன் குரல் எனக்குத் தெரியாதா?"

நாடகம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"உங்க பிள்ளைதாம்மா. வெளிய கேக்க வெச்சது என் தப்பு. அவன் இன்னும் பேசி முடிக்கல. உள்ள இருக்கிறது எல்லாம் அவன் வயசுப் பிள்ளைங்கதான். முடிச்சுட்டு வரட்டும்மா."

"என்கிட்ட சொல்லாததை அவங்ககிட்ட சொல்றானா?"

அவர் எழுந்து பாக்ஸில் பாதி இடம் விட்டார். அவள் கதவைப் பார்த்தாள், கத்தரிக்கோலைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் அந்தப் பக்கமாக வந்து, உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று விசாரித்தார். எனக்குக் காது மந்தம் சார் என்றார் குழாய்க்காரர். ஊரிலேயே நல்ல காதை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கதவு திறந்தது. பிள்ளைகள் பேச்சும் சிரிப்புமாக வெளியே வந்தார்கள். நெட்டையன் கடைசியில் வந்தான். அம்மாவைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவள் எழுந்தாள். "நிறுத்திட்டேன்னு சொன்னியே. அது நிஜமா?"

"நிஜம்மா."

"யார் நிறுத்தினது? டாக்டரா?"

"டாக்டரும் பார்த்தாரு. முதல்ல இவங்கதான்." வெளியே நின்ற பிள்ளைகளைக் கையால் காட்டினான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவ்வளவு உயரமான பையனை அப்படிப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "மிச்சத்தை வீட்டுல வந்து என்கிட்ட சொல்லு. குழாய் இல்லாம," என்றாள். அவன் சிரித்தான். இருவரும் தெருவைக் கடந்து போனார்கள். அவன் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டான்.

பேத்தி வயரைச் சுற்றிக்கொண்டே வந்து நின்றாள். வேனில் ஏற்றி முடித்த பிறகுதான், "மெயினை அணைச்சுட்டுச் சொன்னீங்க பாருங்க, அதுக்காக மன்னிக்கிறோம்னு முடிவு பண்ணியிருக்கோம்," என்றாள். நாலு நாடும் சேர்ந்து எடுத்த முடிவாம்.

அதோடு விடவில்லை. இனிமேல் எந்த நாட்டில் கூட்டம் நடந்தாலும், பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் கட்டடத்தை ஒரு முறை சுற்றி வந்து, சத்தம் வெளியே கேட்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒரு விதி போட்டார்கள். அந்தச் சுற்றுக்கு 'தாத்தா' என்று பெயர். அடுத்த மாதக் கூட்டத்துக்கும் அரங்கத்தில் மைக் குழாய்க்காரருடையதுதான். திரையில் ஒவ்வொரு நாட்டுப் பிள்ளைகளும் தங்கள் மொழிக்கு நடுவில் அந்த ஒரு வார்த்தையைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி, முடிந்தது என்று கட்டை விரலைக் காட்டினார்கள்.

"பண்ணின தப்புக்கு விதி போட்டிருக்காங்க, இதுல என்ன பெருமை மாமா?" என்று மச்சினன் கேட்டான்.

"நாலு நாட்டுச் சட்டத்துல பேர் இருக்கிற மைக் செட்காரன் இந்த ஊர்ல வேற எவன் இருக்கான், காட்டு," என்றார் குழாய்க்காரர். அரங்கத்தின் கதவைச் சாத்திவிட்டு, பாக்ஸை இழுத்துப் போட்டு வெளியே உட்கார்ந்தார்.