அயோடின் அக்காவின் பதினோரு ஆண்டுகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அயோடின் அக்கா என்றால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். அணுக்கழிவில் இருக்கும் அயோடினைப் போலப் பொல்லாதது வேறில்லை. மற்றவை பெரும்பாலும் கண்ணாடியோடு சேர்த்து உருக்கினால் அடங்கிவிடும். இது சூடு கண்டால் ஆவியாகி நழுவும், தண்ணீர் கண்டால் கரைந்து ஓடும். இதன் வீரியம் பாதியாகக் குறையவே ஒரு கோடியே ஐம்பத்தேழு லட்சம் ஆண்டு ஆகும். குறைந்த சூட்டில் உருகும் ஒரு கண்ணாடிக் கட்டிக்குள் இதைப் பிடித்து வைப்பதுதான் அக்காவின் பிழைப்பு.

வேலை சொல்லக் கேட்டால் சப்பென்று இருக்கும். கதிர்வீச்சில்லாத சாதாரண அயோடினைப் போட்டுக் கட்டி வார்ப்பார். அதைத் தண்ணீரில் மூழ்கடித்து, சூடான பெட்டிக்குள் இருபத்தெட்டு நாள் வைப்பார். பிறகு அந்தத் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் பிடித்து, கெடாமலிருக்க இரண்டு சொட்டு அமிலம் விட்டு, மூடி, அளக்கும் பிரிவுக்கு அனுப்புவார். உலோகங்களை அளக்கிற எல்லோருக்கும் அந்த இரண்டு சொட்டு கைப்பழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பாட்டில்கள் திரும்பி வந்ததும் கழுவுவது நான்.

ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் அயோடின் இல்லவே இல்லை என்று முடிவு வந்தது. அக்காவின் கலவை தேர்வாகி, கழிவு ஆலையில் நிஜக் கழிவை அதோடு உருக்கி, பீப்பாய்களில் ஊற்றி அடைக்கத் தொடங்கினார்கள். பேருந்து ஓட்டும் அவர் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. கோடி வருஷத்துக்குப் பூட்டு போடுகிறவளால் ஒரு ரகசியத்தை ஒரு சாயங்காலம் பூட்டி வைக்க முடியவில்லையே என்று எல்லோரிடமும் கேலி பேசுவார்.

பதினோராவது ஆண்டில், மகளுக்குக் காய்ச்சல் என்று நான் பத்து நாள் விடுப்பெடுத்தேன். தொட்டியில் பாட்டில்கள் குவிந்துவிட, சும்மா இருக்கத் தெரியாத அக்கா கழுவ உட்கார்ந்திருக்கிறார். நான் திரும்பிய அன்று ஒரு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதன் உட்புறம் பழுப்பாக ஒரு வளையம்.

"இது எப்பவும் இருக்குமா?"

"எல்லா மூடியிலயும் இருக்கும்க்கா. வெந்நீர்ல ஊறப்போட்டுத் தேய்ச்சா போயிடும்."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன். நினைத்தால் இப்போதும் வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அமிலம் பட்டால் அயோடின் ஆவியாகித் தண்ணீரை விட்டே கிளம்பிவிடுமாம். கட்டியிலிருந்து கசிந்தது, பாட்டிலுக்குள்ளும் நிற்காமல் மூடியில் போய் ஒட்டியிருக்கிறது. அளக்கிறவர்களுக்குக் கிடைத்தது வெறும் தண்ணீர். ஊரையே ஏமாற்றிய அந்தக் கறையை நான் வருஷக்கணக்கில் பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறேன்.

அக்கா அமிலத்துக்குப் பதில் காரம் விட்டு மறுபடி சோதித்தார். கட்டியிலிருந்த அயோடினில் கால்வாசி தண்ணீரில் இருந்தது. முடிவு எழுதிய தாளை எடுத்துக்கொண்டு நேரே மேலாளரிடம் போனார், நானும் கூடப் போனேன். அந்த ஆள் கெட்டவர் இல்லை, அதனால் என் கோபத்துக்குப் போக்கிடமே இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பீப்பாய் நிலத்தடியில் சிமெண்டுக்குள் போய்விட்டது, உடைத்தால் ஆபத்து அதிகம், புதுக் கலவையை நிரூபிக்க ஆறு வருஷமாகும் என்றார்.

"மண்ணுக்குள்ள ஊறுற தண்ணி அங்க போய்ச் சேரவே ஆயிரம் வருஷம் ஆகும்மா. அப்ப நீங்களும் நானுமா இருக்கப் போறோம்?"

"நாம இருக்க மாட்டோம் சார். அது இருக்கும்."

மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார், எழுதவும் செய்தார். ஆய்வு தொடரட்டும், ஆலையை நிறுத்த வேண்டாம் என்று இரண்டே வரியில் பதில் வந்தது.

அக்கா ஓய்வுபெற்று ஒன்றரை ஆண்டாகிறது. போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் கேலியெல்லாம் மறந்துபோனவராக, கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அக்கா என் மகளைப் பற்றி விசாரித்தார். பிறகு மெதுவாக, கலவையை மாற்றிவிட்டார்களா என்று கேட்டார். ஆமாம் என்ற பொய் வாய் வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை.

"இல்லக்கா. இன்னைக்குக் காலையிலயும் நாலு பீப்பாய் போச்சு."