இன்னொருக்கால் பாருங்கோ

அவசர சிகிச்சைப் பிரிவின் நடைபாதைக் கதிரையில் இருந்தபோது எனக்கு நோவு என்று எதுவும் இல்லை. வலது சுட்டுவிரலில் வெள்ளையாக ஒரு சின்னப் புள்ளி மட்டும். நடந்துதான் உள்ளே வந்தேன். ஆனால் பயத்தில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. உங்களுக்கு எப்போதாவது மின்சாரம் அடித்து, ஒன்றும் செய்யவில்லை என்று நீங்கள் வீட்டில் இருக்கிறீர்களானால், இதைக் கடைசிவரை வாசியுங்கள்.

முப்பத்தாறு வயதில் ஒஸ்லோவில் மின்வேலை பழகப் போனவள் நான். கூடப் பழகிய பிள்ளைகளுக்கு இருபது வயதுகூட இல்லை. கணவர் பஸ் ஓட்டுகிறார், மகளுக்கு எட்டு வயது. வீட்டில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். வெளியே என்னைவிட மூத்தவர் ஒருவர் முன்னால் நின்றால் அந்த வாய் எங்கே போகிறதென்று தெரியாது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிடும்.

வேலை தொடங்க முன்னர் எங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தந்தார்கள். மின்சாரத்தை நிறுத்து, திரும்பப் போட முடியாதபடி பூட்டு, பிறகு டெஸ்டரை வைத்து மின்சாரம் இல்லையென்று நீயே பார். "உங்கள் முதலாளி சொன்னாலும் சரி, அரசரே வந்து சொன்னாலும் சரி, நீங்களே அளந்து பாருங்கள்" என்றார் பயிற்சி தந்த பெண். எல்லோரும் சிரித்தோம். பரீட்சையிலும் சரியாகத்தான் எழுதினேன்.

அன்று ஒரு பழைய அடுக்குமாடி வீட்டின் குசினியில், கழுவுதொட்டிக்குப் பக்கத்திலிருந்த பிளக் பொயின்டைக் கழற்றும் வேலை. எனக்கு வேலை பழக்கிய ரோல்ஃப், நான் பிறக்க முன்னரே இந்தத் தொழிலுக்கு வந்தவர். பியூஸ் பெட்டியடியிலிருந்து வந்து, "நிற்பாட்டியாச்சு, கழற்று" என்றார். டெஸ்டர் என் இடுப்புப் பையில் இருந்தது. கையையும் அதில் வைத்துவிட்டேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நான் அளந்தால், உங்களை நம்பவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வதாக ஆகாதா? எங்கள் வீட்டில் அப்பா வாசல் கேற்றைப் பூட்டியாச்சு என்றால் யாரும் எழும்பிப் போய் இழுத்துப் பார்த்ததில்லை. கையை எடுத்துவிட்டேன்.

அந்த பிளக் பொயின்டுக்கு முன்பு யாரோ வேறொரு பியூஸிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள். அது ரோல்ஃபுக்கும் தெரியாது. என் வலது விரல் வயரில், இடது கை கழுவுதொட்டியின் உலோக விளிம்பில். கத்தப் பார்த்தேன், சத்தம் வரவில்லை. கையை இழுக்கப் பார்த்தேன், கை என் சொல் கேட்கவில்லை. பிறகு நிலத்தில் கிடந்தேன். ரோல்ஃபின் முகத்தில் இரத்தமே இல்லை. அவர்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

கணவர் பஸ் சீருடையோடு ஓடிவந்தார்.

"என்னப்பா, உமக்கு என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யேல்லை."

"அதுதானே! ஊரிலை அயன்பொக்ஸ் அடிக்காத வீடு இருக்கோ? எனக்கு எத்தினை தரம் அடிச்சது. உதறிப்போட்டு வேலையைப் பாத்தனாங்கள்."

வாய் பகிடி சொல்லிக்கொண்டிருந்தது, உதடு நடுங்கியது. பயந்தால் இப்படித்தான் நிறுத்தாமல் கதைப்பார்.

டொக்டர் நரைத்த தலைக்காரர், மெல்லிய குரல். இ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரையும் சோதனை) எடுத்தார்கள். ட்ரோபோனின் (இதயத் தசை பழுதானால் இரத்தத்தில் கூடும் புரதம்) பார்த்தார்கள். இரண்டும் நன்றாக இருந்தன. "நெஞ்சில் ஏதாவது செய்கிறதா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன்.

பொய். கதிரையில் இருந்தபோதே நெஞ்சுக்குள் ஏதோ வழுக்கியது. படியிறங்கும்போது ஒரு படி தவறினால் திடுக்கிடுமே, அப்படி. வந்தது, போனது, திரும்ப வந்தது. மெஷினைப் பூட்டியிருந்த நேரம் மட்டும் வரவில்லை. இவ்வளவு படித்தவர் பார்த்துவிட்டு நல்லது என்கிறார், அதற்குமேல் நான் என்னத்தைச் சொல்ல?

வீட்டுக்குப் போகலாம் என்று கை தந்தார். நானும் கை கொடுத்து நன்றி சொன்னேன். கணவர் என் குளிர் ஜக்கெட்டை எடுத்துப் பிடித்தார். ஒரு கையை உள்ளே விட்டபோது அது மறுபடி வழுக்கியது. ஐயோ, அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது! வயரைப் பிடித்தபோது பயப்பட நேரம் இருக்கவில்லை. இப்போது இருந்தது. மரியாதை பார்த்துத்தான் காலையில் டெஸ்டரை எடுக்காமல் விட்டேன். அதே மரியாதையோடு வீட்டுக்குப் போய்ப் படுத்து எழும்பாவிட்டால், பிள்ளைக்கு யார்?

"டொக்டர், இன்னொருக்கால் பாருங்கோ!"

கிறீச்சிட்டு வந்தது, அதுவும் தமிழில். அவர் விழித்தார்.

கணவர் என் சட்டைக்கையை இழுத்தார். "என்னப்பா, அவர் பாத்திட்டார் எல்லே?"

"நீங்கள் சும்மா இருங்கோ!" என்றேன். பிறர் முன்னால் அவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. பிறகு நோர்வேஜிய மொழியில் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் இல்லையென்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. திரும்பவும் கதிரையில் அமர்ந்தார். தாதி நெஞ்சில் வயர் பூட்டிய வில்லைகளை ஒட்டினாள். திரையில் கோடு ஒழுங்காக ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு வெட்கத்தில் முகம் கொதித்தது. கணவர் பெருமூச்சு விட்டார். அப்போதுதான் கோடு கோணியது. ஒன்று, பிறகு சேர்ந்தாற்போல் பல. மெஷின் சத்தம் போட, டொக்டர் எழும்பிவிட்டார்.

அரித்மியா (இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதல்) என்றார். மின்சாரம் கைக்குக் கை நெஞ்சினூடாகப் போனதால் வந்தது. என்னை வார்டில் மறித்து வைத்து, இரவும் பகலும் திரையில் பார்த்தார்கள். மருந்து தந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. "தலை தப்பினது தம்பிரான் புண்ணியம்" என்று கணவர் கட்டிலடியில் இருந்து அழுதார். அந்த அதட்டலைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு சுவிட்ச்சைத் தொட முடியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில்கூடப் பேய்தான். விரல் நுனியில் விறைப்பு, நரம்பு ஆற மாதங்கள் எடுக்குமாம். உங்களுக்கும் இப்படி இருந்தால், பைத்தியம் பிடித்துவிட்டதென்று நினைக்காதீர்கள். டொக்டரிடம் சொல்லுங்கள்.

ரோல்ஃப் கேக்கோடு பார்க்க வந்தார். நான் அளக்காததன் காரணத்தைச் சொன்னேன்.

"நான் அளந்திருந்தால் கோபித்திருப்பீர்களா?"

கேக் பெட்டியைத் திறந்தார். "கோபித்திருப்பேன்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதை மறந்திருப்பேன். நீ அள."

இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டேன். அவர் நிற்பாட்டியாச்சு என்றதும் டெஸ்டரை எடுக்கிறேன். முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பேன், பிறகுதான் எங்கள் வயர். அளந்த பிறகும் விரல் உடனே போவதில்லை. அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இதயம் இடைக்கிடை ஒரு துடிப்பைத் தவறவிடுகிறது. எல்லோருக்கும் அப்படி வரும், பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் மூன்று தரம் பார்த்துச் சொல்லிவிட்டார். நம்புகிறேன், பயமும் படுகிறேன். முன்பெல்லாம் என் நேரம் பஸ்ஸோடும் பள்ளிக்கூட மணியோடும் ஓடியது. இப்போது மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று அது வரும். சீப்பு பாதி முடியில் நிற்கும்.

"என்னம்மா?" என்பாள்.

அடுத்த துடிப்பு வந்த பிறகுதான் பதில் சொல்வேன்.