எனக்கு வராத தலைவலி

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. வேலைக்காக வந்த ஊரில், வாகட் பகுதியில் என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த தோழியின் பிறந்தநாளுக்குப் பெரிய போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.
2. அதில் வாசித்தால் தலை வலிக்கிறது என்றாள்.
3. நானே இரண்டு நாள் பயன்படுத்திப் பார்த்தேன். எனக்கு வலிக்கவில்லை.
4. அவள் தன் பழைய சின்ன போனுக்கே திரும்பினாள்.
5. மழைக்காலம் முடிவதற்குள் அதே ஊரின் இன்னொரு பகுதியான பாணேருக்கு வீடு மாறிப் போனாள்.

அந்தச் சின்ன போன் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சாயம் போன நீல உறை, ஒரு மூலையில் கீறல். அவளுடைய கட்டைவிரல் திரையின் எதிர்மூலை வரை சிரமமில்லாமல் போய்வரும். காலையில் அலுவலகங்கள் இருக்கும் ஹிஞ்சவடிக்குப் போகும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறு கையில் தொடர்கதை வாசித்துக்கொண்டே வருவாள். மழைக்காக ஜன்னல்களை மூடிவிட்டால் உள்ளே இருட்டிவிடும். அவளும் திரையின் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுவாள்.

நான் மென்பொருள் சோதிப்பவள். அலுவலகத்தில் யார் போன் வாங்கினாலும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். அவளுக்காகவும் ஓர் அட்டவணை போட்டேன். திரையின் அளவு, வகை, பேட்டரி என்று பதினொரு வரிசைகள். ஆறே முக்கால் அங்குல ஓஎல்இடி திரை எல்லாவற்றையும் வென்றது. அவள் எங்கே, எப்படி வாசிப்பாள் என்பதற்கு அதில் ஒரு வரிசைகூட இல்லை.

பெட்டியைப் பிரித்ததும் சிரித்தாள். கோயம்புத்தூர்க்காரி. “என்னடி இது, பலகையாட்டம் இருக்குது! இதுல சப்பாத்தி தேய்க்கலாமாட்ட இருக்குது.” ஆனாலும் மூன்று வாரம் அதையே வைத்திருந்தாள். பிறகுதான் தலைவலியைச் சொன்னாள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஒரு பிழையைச் சொன்னால், அது நம்மிடமும் நிகழ்கிறதா என்று பார்ப்போம். நிகழாவிட்டால் பிழையே இல்லை என்று அந்தப் புகாரை மூடிவிடுவோம். நான் வீட்டு விளக்குகளைப் போட்டுக்கொண்டு, திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.

“எனக்கு வரலையே” என்றேன்.

“ஆமா, என் தலையைக் கழட்டி உனக்கு மாட்டித்தான் சோதிக்கோணும்.”

அப்போது நானும் சிரித்திருக்கலாம். “பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடு. தலைவலின்னு எதுக்குக் கதை விடறே?” என்று கேட்டுவிட்டேன். அவள் போனைத் துடைத்து, பெட்டியில் வைத்து, என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரத்திலிருந்து ஒரே அடுப்படியில் இரண்டு குக்கர்கள் கூவின. அலுவலகம் பக்கம் என்று சொல்லித்தான் வீடு மாறினாள். பாணேர் அவள் அலுவலகத்துக்குப் பக்கமே இல்லை.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெரிய போனை விற்கலாம் என்று என் போனால் படம் எடுத்தேன். படத்தில் திரையின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தன. வெளிச்சத்தைக் குறைத்தேன், பட்டைகள் தடித்தன. அடிமட்டத்தில் பாதித் திரை கறுப்பு. ஓஎல்இடி திரைகள் பலவற்றில் வெளிச்சத்தைக் குறைப்பதே வேகமாக அணைத்து அணைத்து ஏற்றித்தான். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் தலை வலிக்கும். அவளுடைய சின்ன போனின் திரை இந்த வகை இல்லை. இதை நான் வேலையில் படித்திருக்கிறேன். அட்டவணை போட்ட அன்றும் எனக்கு இது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரிய போனையும் என் போனையும் எடுத்துக்கொண்டு பாணேர் போனேன். படத்தைக் காட்டி, கண்டதையெல்லாம் விளக்கினேன். முழுவதும் கேட்டாள்.

“கேமரா சொன்னாத்தான் நம்புவியா? நான் சொன்னப்ப?”

“தப்பு பண்ணிட்டேன்டி” என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்து போய்க் காப்பி கலந்து வந்தாள். எனக்குச் சர்க்கரை குறைவாக இருக்கவேண்டும் என்பது அவளுக்கு மறக்கவில்லை.

இப்போதைய நிலவரம் இது. பெரிய போனை நான் விற்கவில்லை, என் இழுப்பறையில் இருக்கிறது. அவள் இன்னும் அதே நீல உறை போனில்தான் வாசிக்கிறாள். வாகடுக்குத் திரும்பி வரவில்லை. என் செய்திகளுக்கு முன்போல உடனே பதில் வருவதில்லை. ஆனால் வருகிறது.