காக்கையைத் திட்டிய வழக்கு

கோவளம் குப்பத்தில் பி.ஏ. முடித்த முதல் ஆள் காத்தவராயன். வக்கீல் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு மீன்காரி வேண்டா அவனைத் தேடி வந்தது அதனால்தான். எழுபத்துநாலாம் வருஷம், ஆடி மாதம்.

"இன்னாடா எழுதிக்கீது?"

"வச்சலாவப் பத்தி அவதூறு பேசிட்டியாம் அத்தே. கேசு போடப் போறாங்க. ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள தள்ளலாம்."

"அவ பேரையே நான் எடுக்கல. காக்காவத்தான் திட்டினேன்!"

அது உண்மைதான். கரையில் பெண்கள் சண்டை போடும் முறையே அது. நாயையோ காக்கையையோ சாக்கு வைத்துச் சாடை பேசுவார்கள். பேரைச் சொல்லாதவரை எந்தப் பஞ்சாயத்தும் கேட்காது.

வச்சலா மீன் கூடை தூக்கி விற்க வந்த நாளிலிருந்தே வேண்டாவுக்கு வயிறு எரிந்தது. கேளம்பாக்கம் சந்தையில் வேண்டாவின் பழைய வாடிக்கைக்காரர்கள்கூட, "வச்சலா வரலையா?" என்று காத்து நின்றார்கள். வச்சலா சிரித்தாலும் எரிந்தது, கனகாம்பரம் வைத்தாலும் எரிந்தது. ஒருநாள் கரையில் நடந்த மீன் ஏலத்தில் நல்ல வஞ்சிரமெல்லாம் வச்சலாவுக்கே போனது. வேண்டா வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏலக்காரன் வூட்ல ராவுக்குத் தங்குற காக்காவுக்குத்தான் வஞ்சிரமா?"

கரையே சிரித்தது. வச்சலாவின் புருஷன் சிரிக்கவில்லை. அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

"பேர் சொல்லலன்னாலும், கேட்டவங்களுக்கு யாருன்னு புரிஞ்சா அது அவதூறுதான்" என்றான் காத்தவராயன். "நீ கண்ணால பார்த்தியா?"

"பார்க்கணுமா இன்னா? அவ மூஞ்சியே சொல்லுதே!"

"கோர்ட்டுல மூஞ்சி சாட்சி சொல்லாது அத்தே. மன்னிப்புக் கேட்டுடு."

"அவகிட்டயா? ஜெயிலே மேல்!"

செங்கல்பட்டு கோர்ட்டில் வேண்டாவின் தோழி ஆதியம்மாள் கூண்டேறி, திட்டியது காக்கையைத்தான் என்று சத்தியம் செய்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்போ எல்லாரும் யாரைப் பார்த்துச் சிரிச்சீங்க?"

"வேற யாரு, வச்சலாவத்தான்."

அன்றைக்கே வேண்டா காத்தவராயனைச் சமாதானம் பேசச் சொன்னாள்.

"ஏலத்துல எல்லாரும் இருக்கச்சொல்ல வந்து சொல்லட்டும். வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றாள் வச்சலா.

மறுநாள் விடியலில் வேண்டா கரையில் நின்றாள். ஏலம் கூடியதும் எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்.

"வச்சலா மேல ஒரு தப்பும் இல்ல. வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரமே புருஷன் போய் வச்சலாவைக் கூட்டிவந்தான், புதுச் சேலையோடு. அந்தச் சேலையைப் பார்த்தும் வேண்டாவுக்கு எரிந்தது. வாயை மட்டும் திறக்கவில்லை.

இப்போது வேண்டா கேளம்பாக்கத்தை விட்டுவிட்டாள். வச்சலா வராத திருப்போரூர் சந்தையில் மீன் விற்கிறாள்.