பார்த்துக்கொண்டிருந்தால் விழாத நிரல்

பார்சல் நிறுவனத்தின் கணினிப் பிரிவில் அவருக்கு சி.ஐ.டி. என்றுதான் பெயர். யார் பேச்சையும் நம்பமாட்டார். மனைவி தலைவலி என்றால்கூட, "எப்ப ஆரம்பிச்சது? அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்த?" என்று குடைவார். அந்த அம்மாள் மாத்திரை போட்டுத் தூங்கி எழுந்த பிறகும் விசாரணை முடிந்திருக்காது.

அவருடைய வித்தை இதுதான். ஒரு நிரலால் தானாக ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியாது. கோப்பைத் திறக்கவோ எழுதவோ கணினியை ஆளும் இயங்குதளத்திடம் கேட்டாக வேண்டும். அந்தக் கோரிக்கைகளை ஒன்றுவிடாமல் ஒரு கோப்பில் பதிவு செய்து, எதைக் கேட்டபோது நிரல் செத்தது என்று கண்டுபிடிப்பார். வித்தை என்னவோ நல்ல வித்தைதான். தலைக்கனம்தான் தாங்க முடியாது.

அந்த மாதம் குழுத்தலைவர் பதவி காலியானது. போட்டியில் அவரும் பக்கத்து இருக்கைக்காரியும். பார்சல்களுக்கு லேபிள் அச்சிட அவள் எழுதிய நிரல் அடிக்கடி பாதியில் நின்று விழுந்ததில் இவருக்கு வாயெல்லாம் பல்.

"ஆதாரத்தோட பிடிச்சுத் தரேன் சார்," என்று மேலாளரிடம் சவடால் அடித்துவிட்டுப் பதிவை முடுக்கினார். நிரல் விழுந்தால்தானே! ஒவ்வொரு கோரிக்கைக்கும் நின்று நின்று போனதில் அதன் வேகம் குறைந்துவிட்டது. வேகமாக ஓடும் அவசரத்தில் மட்டுமே வரும் கோளாறு தலைகாட்டவே இல்லை.

"மெதுவா ஓடுறதாலதான் விழல சார். நிறுத்திடுங்க, சேர்ந்து பாக்கலாம்," என்றாள் அவள்.

"நான் பாக்குறேன்னு அதுக்கு பயம்!" என்றார் அவர். பதிவை அப்படியே ஓடவிட்டு, கோளாறு சரியாகிவிட்டதென்று மேலாளருக்கு மின்னஞ்சலும் தட்டிவிட்டு, வார விடுமுறைக்குக் கிளம்பினார்.

திங்கட்கிழமை லேபிள் மட்டுமல்ல, எதுவுமே ஓடவில்லை. எல்லாரையும் கூட்டிப் பெரிய திரையில் வித்தையைக் காட்டினார். "பாருங்க, எழுதணும்னு கேக்குது, இடமில்லைன்னு பதில் வருது. டிஸ்க் ரொம்பிடுச்சு. எவனோ பொறுப்பில்லாம குப்பையைக் கொட்டியிருக்கான்!"

"எந்த ஃபைல்னு பாருங்க," என்றார் மேலாளர்.

பார்த்தார். இடம் முழுவதையும் விழுங்கியிருந்தது ஒரே கோப்பு. அவருடைய பதிவு.

யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. பதிவை நிறுத்திக் கோப்பை அழித்தார். எல்லாம் உயிர்பெற்றது. கொஞ்ச நேரத்தில் லேபிள் நிரல் மறுபடி விழுந்தது.

"அது என் தப்பு சார். மத்தியானத்துக்குள்ள சரிபண்ணிடறேன்," என்றாள் அவள்.

"பண்ணிட்டு என் ரூமுக்கு வாங்க. குழுத்தலைவர் விஷயம் பேசணும்," என்ற மேலாளர், சி.ஐ.டி. பக்கம் திரும்பினார். "அதுவரைக்கும் கிடங்குல லேபிள் கையாலதான் எழுதணும். அங்க ஆள் பத்தல. நீங்க போங்க."