பால்மா டின்னில் ஒரு கஞ்சாத் தலைப்பு

சுனாமிக்குப் பிறகு தன்னாமுனையில் தகரக் கொட்டில் ஒன்றில் இருந்தோம். நான், என் கணவர், அவருடைய தகப்பன். கடற்கரையில் எங்கள் வீடு நின்ற இடத்தில் அத்திவாரமும் கிணறும்தான் மிஞ்சியிருந்தன. மாமியைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைத்ததே பெரிய விஷயம் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள்.

மாமாவுக்கு நித்திரை போய்விட்டது. அவர் அழவில்லை, சாப்பாட்டைக் குறைக்கவில்லை. ஆனால் படுக்க மாட்டார். இரவு முழுக்கக் கொட்டில்களுக்கிடையில் நடந்துகொண்டிருப்பார். பக்கத்தில் இருந்த பெண்கள் காலடிச் சத்தம் கேட்டுப் பயப்படுவதாக என்னிடம் முறைப்பட்டார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசை அவரைப் பகலில் மட்டும் தூங்க வைத்தது.

எனக்கு அங்கே செய்ய வேலை இல்லை. அதனால் செடி வைக்கத் தொடங்கினேன். கண்ட வீடுகளில் செவ்வரத்தை, குரோட்டன், நந்தியாவட்டை என்று நுனிக் கொப்பு கேட்டு வாங்கி, நிவாரணத்தில் வந்த பால்மா டின்களில் நட்டு, கொட்டிலின் நிழல் பக்கம் அடுக்கியிருந்தேன்.

கரடியனாற்றுப் பக்கம் மாமியின் தம்பி காட்டோரம் சேனையும் வயலும் செய்துகொண்டிருந்தார். மாமா அவரை மச்சான் என்பார், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகியிருந்தோம். ஒருநாள் எங்களைப் பார்க்க வந்தவர் மாமாவின் கையில் சிறு பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அதைச் சுருட்டிக் குடித்த அன்று மாமா விடியும்வரை தூங்கினார். என் கணவர் அடிக்கடி எழும்பி, மூச்சு வருகிறதா என்று பார்த்தார்.

பொட்டலம் தீர்ந்தது. அந்த நாட்களில் கரடியனாறு இயக்கத்தின் கையிலும் நாங்கள் இருந்த இடம் ஆமியின் கையிலும் இருந்தன. கஞ்சா இரண்டு பக்கமும் குற்றம். ஒவ்வொரு முறையும் காவலரண் தாண்டிக் கொண்டுவர முடியாது என்று சொல்லி, அடுத்த தடவை மச்சான் ஒரு செடியின் நுனித் தலைப்பையே வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, கீரைக் கட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார். விதை போட்டால் ஆண் செடியும் வந்துவிடும், அது உதவாது. பெண் செடியில் வெட்டிய தலைப்பு பெண்ணாகவே வளரும் என்றார்.

மாமா அதை என்னிடம் நீட்டினார்.

“புள்ள, உன்ட கைக்கு எல்லாம் வேர் பிடிக்குது. இதையும் வச்சுத் தா.”

நான் மாட்டேன் என்றேன். என் கணவரும் வேண்டாம் என்றார். மாமா வெயிலில் ஒரு குழி தோண்டித் தானே நட்டார். மறுநாள் மத்தியானத்துக்குள் அது துவண்டு கிடந்தது. அவர் அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்ததைப் பார்த்துவிட்டு நான் உள்ளே போனேன்.

மச்சான் இரண்டாவது தலைப்பைக் கொண்டுவந்தபோது, மாமா கேட்காமலே வாங்கிக்கொண்டேன். கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டி, அடியிலைகளைக் கழித்து, பெரிய இலைகளைப் பாதியாக நறுக்கினேன். கரை மணலில் உப்பு இருக்கும் என்பதால், கொட்டில் கட்ட இறக்கிய ஆற்று மணலை அலசி டின்னில் நிரப்பினேன். மேலே பொலித்தீன் பையைக் கவிழ்த்தேன். சில நாள் இலைகள் தொங்கிக் கிடந்தன. பிறகு நிமிர்ந்தன. மெல்ல இழுத்தபோது தண்டு வர மறுத்தது. செவ்வரத்தைகளுக்கு நடுவில் அதை வைத்தேன். மற்றச் செடிகளைவிட அதையே கூடுதலாகப் பார்த்தேன் என்பது உண்மை. இடுப்பளவுக்கு வளர்ந்தது. அதில் கிள்ளிக் காயவைத்துக் குடித்த இரவுகளில் மாமா தூங்கினார்.

ஒரு காலை ரோந்து வந்த ஆமிக்காரன் ஒருவன் எங்கள் டின்களுக்கு முன்னால் நின்றான். வயதில் இளையவன். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தான்.

“இது யாரு மரம்?”

“என்ட,” என்றார் மாமா.

நட்டது நான் என்று சொன்னேன்.

“அந்தப் புள்ளைக்கு ஒண்டும் தெரியா. நித்திரை வருதில்ல தம்பி, அதுக்குத்தான்.”

அவன் கசக்கிய இலையைக் கீழே போட்டான். “நமக்கும் நித்திரை இல்லதான்,” என்றான். பின்னேரம் தங்கள் மேலதிகாரி வருவார், அதற்கு முன் பிடுங்கிவிடுங்கள் என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனான்.

மாமாவே பிடுங்கினார். வேர் டின் முழுக்கச் சுற்றியிருந்தது. செடியை வேரோடு வாவியில் எறிந்துவிட்டு வந்து, டின்னைக் கழுவி என்னிடம் தந்தார். அன்றிலிருந்து மறுபடி நடை.

பிறகு வாவிக்கு அப்பால், மச்சான் இருந்த படுவான்கரையில் சண்டை மூண்டது. மச்சான் குடும்பத்தோடு ஓடிவந்து எங்கள் கொட்டிலில் தங்கினார். உடுத்த சாரத்தைத் தவிர எதுவும் கொண்டுவரவில்லை. அவருக்கும் தூக்கம் இல்லை. இரண்டு பேரும் வாசலில் இருந்து, வெள்ளாமையைப் பற்றியும் யானையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா கடல்தொழில் செய்தவர். வயலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் விடாமல் கேட்பார்.

சண்டை ஓய்ந்து, சனம் திரும்பிப் போகத் தொடங்கியபோது மச்சான் ஊருக்குப் போனார். எங்களுக்கும் வீட்டுத்திட்டத்தில் வீடு ஒன்று கிடைத்திருந்தது. மாமா அதில் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. மச்சானின் வயல்வட்டையில் நெல் முற்றும் காலத்தில் யானைக்கு இரவுக் காவல் இருக்க ஆள் இல்லையாம் என்றார். சாக்கில் உடுப்பைக் கட்டிக்கொண்டு போனார்.

அறுவடை முடியுமுன் அவரைப் பார்க்கப் போனேன். மரத்தின் மேல் கட்டிய பரணில் வெடிக்கட்டும் டோர்ச்சும் வைத்திருந்தார். அந்தப் போகம் முழுக்க யானை வயலுக்குள் இறங்கவில்லை என்று மச்சானின் மனைவி சொன்னார்.

“இஞ்ச முழிச்சிருந்தா ஆரும் ஏசுறதில்ல புள்ள,” என்றார் மாமா. காவல் முடிந்து வந்தவர், சோறு தின்றுவிட்டு வயலோர வாடிக் குடிசையின் நிழலில் சரிந்தார். நான் பஸ்ஸுக்குப் புறப்படும்போதும் குறட்டை கேட்டது.