வெள்ளைச் சட்டைக்குக் கொடுத்த சாவி

இருபத்தேழு வருடம் இஸ்திரிப் பெட்டி பிடித்த கைக்கு ஒரு கர்வம் வரத்தான் செய்யும். சட்டையின் காலரைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவார் அந்த இஸ்திரிக்காரர். காலரில் அழுக்கு ஏறியிருந்தால் சோம்பேறி. பித்தான் தொங்கினால் கடன்காரன். இதைக் கேட்டுத் தெருவே சிரித்தது. ஆனாலும் அவரிடம் துணி போடுவதற்கு முன் காலரை நன்றாகக் கசக்கித் துவைத்தார்கள்.

மனிதர் அதோடு நின்றிருக்கலாம். நாலு வீடு வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர், "வாடகை அது பாட்டுக்கு வரும், தவணை அது பாட்டுக்கு அடையும்" என்று ஆசை காட்ட, இவர் தான் குடியிருந்த சொந்த வீட்டை வங்கியில் அடமானம் வைத்து, பின்தெருவில் மூன்றாம் மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கிப்போட்டார். சலவைக் கணக்கு நோட்டின் பின்னட்டையில் போட்ட கணக்கில் வாடகை இருந்தது, தவணை இருந்தது, கொஞ்சம் மிச்சமும் இருந்தது. அந்தக் கணக்கில் வீடு காலியாகக் கிடக்கும் மாதம் இல்லை. ஒழுகும் குழாய் இல்லை. வரியும் பராமரிப்புக் கட்டணமும் இல்லை.

வீடு கேட்டு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, காலரில் ஒரு பொட்டு அழுக்கு கிடையாது.

"எங்க வேலை பாக்குறாரு, முன்னாடி எங்க குடியிருந்தாருன்னு ஒரு வார்த்தை விசாரிங்க," என்றாள் மனைவி. "அக்ரிமெண்ட் எழுதிட்டு அப்புறம் சாவியக் குடுங்க."

"சட்டையப் பாத்தியா? இப்படிப்பட்டவரு ஏன் பொய் சொல்லப்போறாரு?"

சாவி கைமாறியது. மூன்று மாதம் வாடகை ரொக்கமாக வந்தது. இவரும் ரசீது எழுதவில்லை, பெரிய மனுஷனிடம் அதெல்லாம் மரியாதையில்லை என்று. நாலாம் மாதம் "அடுத்த வாரம்ணே" என்றார் வெள்ளைச் சட்டை. அந்த அடுத்த வாரம் ஏழு மாதமாக வரவில்லை. நடுவில் சமையலறைக் குழாய் வெடித்துக் கீழ்வீட்டுக் கூரை ஊறிப்போனது. கீழ்வீட்டு அம்மா வாசலில் வந்து கத்தியதில், ரிப்பேர் செலவுக்காக மனைவியின் தங்க வளையல் இரண்டும் அடகுக்குப் போயின.

பிறகு வங்கியிலிருந்து கடிதம் வந்தது. மாத முடிவுக்குள் பாக்கித் தவணையைக் கட்டாவிட்டால் வீடு ஏலம். மாடி வீடு இல்லை, இவர்கள் படுத்து எழும் வீடு. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், திங்கட்கிழமை தவறாமல் அந்த ஆளின் ஐந்து சட்டைகள் இஸ்திரிக்கு வந்துகொண்டிருந்தன. இவரும் காசில்லாமல் தேய்த்துக்கொடுத்தார்.

"தூக்கிச் சாக்கடையில போடுங்க!"

"பகைச்சுக்கிட்டா வர்றதும் வராம போயிடும்டி. பேசாம இரு."

கடைசியில் வாடகைத் தகராறு விசாரிக்கும் அலுவலகத்தில் மனு கொடுத்தார். விசாரணை நாளன்று இஸ்திரி மேசையிலிருந்து அப்படியே ஓடினார். வியர்வையில் கசங்கிய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவியும் கூட வந்தாள். வெள்ளைச் சட்டை முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

"மாசாமாசம் வாடகையைக் கையில கொடுத்துட்டுதான் வர்றேன் சார். இவருதான் ரசீதே தர்றதில்லை."

அதிகாரி இவர் பக்கம் திரும்பினார். "ரசீது குடுப்பியா?"

"இல்லீங்க... ஆனா ஏழு மாசமா..."

"அக்ரிமெண்ட்?"

"எழுதலீங்க."

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எதிரே இருந்தவரைப் பார்த்தார். குரல் தணிந்தது.

"பாத்தா ஒழுங்கான மனுஷனாத் தெரியுது. இவர் ஏன்யா பொய் சொல்லப்போறார்?"

இஸ்திரிக்காரரின் கண் எதிரே இருந்தவரின் காலருக்குப் போனது. அந்தக் காலரை அன்று காலையில்தான் இரண்டு தரம் தண்ணீர் தெளித்துத் தேய்த்துக் கொடுத்திருந்தார். மனைவி அதிகாரியையும் பார்க்கவில்லை, வெள்ளைச் சட்டையையும் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தாள்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.